ஆடிக் காற்றில் வந்த தண்ணீர்

காலையில் விழிப்பு வந்தவுடன் கண்ணைத் திறக்கக் கூடாது என்பதை எழுபதாவது வயதில்தான் கற்றுக்கொண்டேன். வறண்டு கிடக்கும் இமையின் உட்புறம் விழியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டுத் திறந்தால் விழியின் மேல்தோல் இமையோடு உரிந்து வந்துவிடும். முதல் முறை அப்படி உரிந்த அன்று மதுரை ஆனையூர் வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டவன், பத்து மணி வரை எழுந்திருக்கவில்லை. பால்காரர் மூன்று முறை மணியடித்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது விழித்ததும் கண்ணை மூடியபடியே வலது கையை நீட்டுகிறேன். ஸ்டூலின் மேல் சொட்டு மருந்துக் குப்பி இருக்கும். சுண்டுவிரல் நீளம்கூட இராத பிளாஸ்டிக் குப்பி. தலையைத் திருகினால் திறந்துகொள்ளும். மூடிய இமையின் ஓரத்தில் இரண்டு சொட்டு விட்டு, உள்ளே கசியும் வரை நூறு எண்ணுகிறேன். பிறகு விரலால் இமையை அசைத்துப் பார்க்கிறேன். விட்டுக்கொடுத்தால் திறக்கிறேன். இல்லையென்றால் இன்னொரு நூறு.

கண் வறட்சி என்று சொன்னால் யாரும் அதை ஒரு நோயாக எடுத்துக்கொள்வதில்லை. "எனக்கும்தான் சார் செல்போன் பார்த்தா கண்ணு எரியுது" என்பார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மகன் வெளிநாட்டில். கண்ணில் மணல் விழுந்தது போல ஒரு உறுத்தல் வந்தது, போகவில்லை. டாக்டர் அம்மா ஒரு காகிதப் பட்டையின் நுனியை மடித்துக் கீழ் இமைக்குள் செருகி, ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்கச் சொன்னார். முப்பத்து நான்கு வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் நான். லிட்மஸ் தாளை அமிலத்தில் தோய்த்துக் காட்டியே காலம் கழித்தவன். என் கண்ணையே தாளால் சோதிப்பார்கள் என்று நினைத்ததில்லை. பட்டையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நுனி மட்டும் நனைந்திருந்தது.

"குணமாகுமா டாக்டர்?"

"சுகர் மாதிரிதான் சார். போகாது. கூடவே வச்சுப் பார்த்துக்கணும்."

"அப்புறம் எப்படிச் சில நேரம் தண்ணியா ஊத்துது? காத்தடிச்சா நிக்கவே மாட்டேங்குது."

"அது வேற தண்ணி சார். கண்ணு ரொம்பக் காஞ்சுபோனா பயந்துபோய் மொத்தமா கொட்டிடும். அதுல எண்ணெய்ப் பசை இருக்காது, கண்ணுல நிக்காது. கன்னத்துலதான் வழியும், கண்ணுக்கு உதவாது."

"பாக்குறவங்க அழுறேன்னு நினைக்கிறாங்க."

"நினைச்சுட்டுப் போகட்டும் சார்" என்று சிரித்தார் அவர்.

அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒரு ஆடி மாதம் அது என் கன்னத்தில் வழிந்ததைப் பார்த்து என் தங்கை என்னை மன்னித்துவிட்டாள். நான் அவளைத் திருத்தவில்லை. இரண்டரை வருடம் அந்த மன்னிப்பை வைத்துக்கொண்டு வாழ்ந்தேன்.

எங்கள் பெற்றோர் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு வேலை பார்த்தவர்கள். கல்லுப்பட்டிப் பக்கம், கரிசல் மண். எட்டாம் வகுப்போடு தங்கையை நிறுத்தினார்கள், என்னை நிறுத்தவில்லை. நான் கல்லூரி விடுதிக்குப் போன வருடத்தில் அவள் களை எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். அவளை அருகிலேயே இன்னொரு ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். நான் படித்தேன், வேலைக்குச் சேர்ந்தேன், ஆனையூரில் வீடு கட்டினேன். எங்கள் ஊரில் எங்கள் தெரு எந்தப் பக்கம் இருந்தது என்று இந்தக் குடியிருப்பில் யாரும் கேட்டதில்லை. கேட்க ஒரு வாய்ப்பும் வராதபடி நான் பார்த்துக்கொண்டேன். சொந்தக்காரர்களின் விசேஷங்களுக்கு நான் போவேன்; அவர்களை இங்கே கூப்பிட மாட்டேன். இதை என் மனைவி இரண்டு முறை சொல்லிக் காட்டியிருக்கிறாள். மூன்றாவது முறை அவள் சொல்லவில்லை, விட்டுவிட்டாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆனி மாதம், தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, இவுகளுக்கு ஈரல்ல கட்டி இருக்காம். மதுரையில பெரிய ஆஸ்பத்திரியில சேக்கச் சொல்லிட்டாக. நாளைக்குக் கூட்டிட்டு வாரேன்."

"சரிம்மா."

"பகல் பூரா அங்கனயே இருந்துக்கிருவேன். பொழுது சாஞ்சா கொழுந்தன் வந்து இருந்துக்கிருவாரு. படுக்க மட்டும் ஒன் வீட்டுக்கு வரட்டுமாண்ணே? ஒரு மூலையில படுத்துட்டு விடியக் காலையில பஸ்ஸேறிப் போயிருவேன்."

எனக்கு மூன்று அறைகள் உண்டு. ஒன்றில் நான் படுக்கிறேன். மற்ற இரண்டும் பூட்டிக் கிடந்தன.

"எனக்குக் கண்ணு சரியில்லம்மா" என்றேன். "வெளியாளு யாரும் வீட்டுக்குள்ள வந்து போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. கிருமி தொத்திக்கிருமாம்."

அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள். "அதுக்கென்னண்ணே, கண்ணப் பாத்துக்க. அங்க எல்லாரும் வராண்டாவுலதான படுக்குறாக. அம்புட்டு சனத்துல நான் ஒருத்தி."

டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. என் நோய் யாரிடமிருந்தும் தொற்றுவதில்லை, யாருக்கும் தொற்றுவதும் இல்லை. அந்தப் பொய்யைச் சொல்லும்போது என் குரல் நடுங்கவும் இல்லை.

பத்தொன்பது நாள் மாப்பிள்ளை, தங்கையின் கணவர், அங்கே கிடந்தார். நான் ஒரு முறை போனேன், நான்காவது நாள், அரைக் கிலோ ஆரஞ்சுப் பழத்துடன். கால் மணி நேரம் நின்றேன். தங்கை ஒரு பிளாஸ்டிக் கூடையில் தட்டு, டம்ளர், மாற்றுச் சேலை எல்லாம் வைத்திருந்தாள். எல்லாம் அந்தக் கூடைக்குள் அடங்கியிருந்தன. "போண்ணே, இங்க ஒரே தூசி, ஒங்கண்ணுக்கு ஆகாது" என்று அவள்தான் என்னை அனுப்பிவைத்தாள். அப்போது அவளுக்கு என் மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கோபம் பிறகுதான் வந்தது. மாப்பிள்ளை இறந்து உடலை ஊருக்குக் கொண்டுபோனபோது நான் கூடப் போகவில்லை. காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வண்டியில் அவளும் அவள் கொழுந்தனும் மட்டும் போயிருக்கிறார்கள்.

காலையில் அந்தக் கொழுந்தனே போன் செய்தார். மாப்பிள்ளையின் தம்பி, வாயாடி, நல்லவர். "மச்சான், சொல்றேன்னு கோவிச்சுக்கிறாதீக. மதினி ஒங்க கோடி வேணாம்ங்குது. அந்தக் கல்நெஞ்சக்காரன் சேல எம் மேல படக் கூடாதுன்னு சாமியாடுது. ஆனா பொறந்த வீட்டுக் கோடி இல்லாம எப்படித் தூக்குறது? ஊரு என்ன பேசும்? நீங்க வந்து சேருங்க, நான் பாத்துக்கிறேன்."

கணவன் இறந்தால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ ஒரு புதுச்சேலை கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும். அதுதான் கோடி. அவளுக்கு நான் ஒருவன்தான். நான் போகாவிட்டால் கோடி இல்லை. நான் போய் அவள் வாங்க மறுத்தால் கூடியிருக்கும் அத்தனை பேர் முன்னால் எங்களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அப்படி முடிந்தவர்களை எனக்குத் தெரியும். ஒரே தெருவில் முப்பது வருடம் முகம் பார்க்காமல் இருப்பார்கள்.

சிம்மக்கல்லில் இறங்கி, கடை திறக்கும் வரை நின்று, ஒரு சேலை எடுத்தேன். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பெரியார் நிலையம் போய் கல்லுப்பட்டி பஸ்ஸில் ஏறிய பிறகுதான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். மருந்துக் குப்பிகளை வீட்டிலேயே விட்டுவிட்டேன். கிடைத்தது முன்பக்க ஜன்னல் சீட்டு, கண்ணாடியைச் சாத்த முடியவில்லை. பக்கம் அடைத்த மூக்குக்கண்ணாடியெல்லாம் அப்போது நான் வாங்கியிருக்கவில்லை. திருமங்கலம் தாண்டியதும் ஆடிக் காற்று வெட்டவெளியில் தடையில்லாமல் வந்து அறைந்தது. உழுது போட்டிருந்த நிலத்திலிருந்து புழுதி எழுந்து ரோட்டைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. கண்ணை மூடினாலும் எரிச்சல், திறந்தாலும் எரிச்சல். பேரையூர் பிரியும் இடத்தில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்தவர், "கேதத்துக்கா அய்யா?" என்று கேட்டார். சாவுக்குத்தான் என்று தலையாட்டினேன். அவர் எழுந்து தன் இடத்தை எனக்குக் கொடுத்தார். காற்றில்லாத இடம். ஆனால் ஆரம்பித்த தண்ணீர் நிற்கவில்லை.

கொட்டுச் சத்தம் கேட்கிற தூரத்திலேயே இறங்கினேன். பந்தலில் ஊதுபத்திப் புகை. ஆண்கள் வரிசையாக நின்று கையை நீட்டினார்கள். ஒவ்வொருவர் கையாகத் தொட்டுக்கொண்டே போனேன். கன்னத்தில் வழிந்து, தாடையில் சொட்டி, சட்டையில் விழுந்துகொண்டிருந்தது.

"எப்பா, வாத்தியாரப் பாருங்கடா" என்றார் கொழுந்தன், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. "பொண்டாட்டி செத்தன்னைக்கே இந்தாளு கண்ணு கலங்கல. எங்கண்ணன் மேல அம்புட்டு உசுரா இருந்திருக்காரே, நமக்குத் தெரியாமப் போச்சே!"

தங்கை பெண்கள் நடுவே உட்கார்ந்திருந்தாள். நான் சேலையோடு முன்னால் போய் நின்றேன். அவள் தலை நிமிரவில்லை. கொட்டு நின்றது, எல்லோரும் பார்த்தார்கள். அவள் பக்கத்திலிருந்த ஒரு பெரிய மனுஷி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏத்தா, ஒங்கண்ணன் மொகத்தப் பாரு. எப்படி ஊத்துதுன்னு ஒரு தடவ பாத்துட்டு அப்புறம் வேணாம்னு சொல்லு."

பார்த்தாள். நான் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றினேன்.

அதுவரை நான் பொய் சொல்லவில்லை. கண் தானாகச் செய்ததற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் அழுகிறவன் ஒற்றுவது போல நான் ஒற்றினேன். தெரிந்துதான் செய்தேன். மாப்பிள்ளைக்காக எனக்குத் துக்கமே இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கோ ஒரு ஓரத்தில் இருந்திருக்கலாம். அந்த நிமிடம் என் தலைக்குள் இருந்தது ஸ்டூல் மேல் விட்டுவந்த மருந்துக் குப்பி.

அவள் எழுந்து ஓடிவந்து என் மேல் விழுந்தாள். "அண்ணே, ஒன்னப் போயி வைஞ்சேனே! கல்நெஞ்சுன்னு சொன்னேனே! உள்ளுக்குள்ள இம்புட்டயும் வச்சுக்கிட்டா இருந்த?" கோடியை அவள் தோளில் போர்த்தினேன். சுற்றியிருந்த பெண்கள் ஓவென்று அழுதார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் சனிக்கிழமை, வீட்டு மணி அடித்தது. தங்கை தூக்குவாளியோடு நின்றாள். "தனியாக் கெடக்கியேன்னு வந்தேண்ணே" என்றாள். உள்ளே வரவில்லை. செருப்பைக் கேட்டுக்கு வெளியே விட்டு, தோட்டத்துக் குழாயில் சோப்புப் போட்டுக் கையை மூன்று முறை கழுவினாள். பிறகு ஒரு துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எதுக்கும்மா இது?"

"ஒனக்குத்தான் கிருமி ஆகாதுல்ல."

இரண்டரை வருடம், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, அவள் இப்படித்தான் வந்தாள். திருமங்கலம் வழியாக ஒரு பஸ், பெரியாரிலிருந்து இன்னொரு பஸ். துண்டைக் கட்டிக்கொண்டுதான் சமைப்பாள். அவள் சாப்பிடும் தட்டைத் தனியாகக் கழுவி வாசல் பக்கம் கவிழ்த்து வைப்பாள். நானாக, "இப்ப அதெல்லாம் வேண்டாம்மா, சரியாயிருச்சு" என்று ஒரு தடவை சொன்னேன். "நீ சும்மா இருண்ணே, எம்புட்டுப் பெரிய டாக்டரு சொல்லியிருக்காக" என்றாள்.

அந்தச் சனிக்கிழமைகள் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியாது. நோய் முற்றியது. காற்று உதவாது, ஆகவே மின்விசிறி கூடாது. சித்திரை வெயிலில் மதுரையில் விசிறியில்லாமல் இருப்பவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மேற்குப் பக்க ஜன்னல்களை மூடி, ஈரத்துண்டுகளைக் கொடியில் போட்டு, நடுவில் உட்கார்ந்திருப்பேன். பேப்பரில் நாலு வரி படித்தால் ஐந்தாவது வரி கலங்கிவிடும். டிவியை நிறுத்தியாயிற்று. சாதாரண மருந்து போதாமல், என் ரத்தத்தையே எடுத்து, அதில் தெளியும் சீரம் என்ற நீரைப் பிரித்துச் சொட்டு மருந்தாகத் தருகிறார்கள். அதை ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். கரண்ட் போனால் ஐஸ் போட்ட பிளாஸ்க்கைத் தேடி ஓட வேண்டும். வெளியே போனால் பக்கமெல்லாம் அடைத்த ஒரு கண்ணாடி. வாரக்கணக்கில் நான் பேசுவது மருந்துக் கடைக்காரரிடமும், ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் மகனிடமும்தான். பேசிப் பேசிப் பழக்கமான தொண்டை. சனிக்கிழமைகளில் குரலை வெளியே எடுப்பதற்கே இருமிக்கொள்ள வேண்டியிருக்கும்.

தங்கை வந்தால் வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து, தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்து, என் இமைகளின் மேல் போடுவாள். இமைக்குள் உறைந்த எண்ணெய் இளக அது வேண்டும். பத்து நிமிடத்துக்குள் நாலு முறை துணியை மாற்றுவாள். மாற்றிக்கொண்டே ஆடு குட்டி போட்டது, மக்காச்சோளத்தில் புழு விழுந்தது எல்லாம் சொல்வாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். வேறு எதுவும் வேண்டாம் என்று இருக்கும்.

எதிர்வீட்டு அம்மாள் ஒரு நாள் கேட்டருகில் வந்து அவளிடம் என் கண்ணைப் பற்றி விசாரித்தார். எனக்கு உள்ளே கேட்டது. "எங்க வீட்டுக்காரரு போனதுக்கு அழுதே எங்கண்ணனுக்குக் கண்ணுல தண்ணி வத்திப்போச்சும்மா" என்றாள் தங்கை. "வெளிய காட்டமாட்டாக. படிச்சவுக. அன்னைக்கு ஊத்துன ஊத்து, அம்புட்டும் வடிஞ்சு போச்சு." எதிர்வீட்டு அம்மாள் உச்சுக்கொட்டினார். பிறகு அவளிடம் சீனியவரை வத்தல் எப்படிப் போடுவது என்று கேட்டுக்கொண்டார். நான் முப்பது வருடமாகப் பயந்த கேள்விகளில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை.

அப்போதே வெளியே போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சனிக்கிழமை போய்விடும். ஈரத்துண்டுகளைச் சரிசெய்துகொண்டு உள்ளேயே இருந்தேன்.

இந்த வருடம் மாசிக் கடைசியில் வந்தபோது அவள் வேறு ஒன்று சொன்னாள்.

"பங்குனிப் பொங்கலுக்கு எங்கூரு ஆத்தாளுக்குத் தீச்சட்டி எடுக்குறேண்ணே. ஒங்கண்ணுக்காக நேந்திருக்கேன். வர்ற செவ்வாக்கெழமை காப்புக் கட்டுறாக. வெள்ளியில கண்மலரும் வாங்கியாச்சு."

"ஒனக்கென்ன கிறுக்கா? அறுபத்தஞ்சு வயசு. முழங்கால் வலின்னு மாடிப்படி ஏற மாட்டேங்குற. நெருப்புச் சட்டியைக் கையில வச்சுக்கிட்டு ஊர் சுத்துவியா?"

"முழங்காலு கெடக்கு. எம் புருசனுக்காக அழுது போன கண்ணு. அதுக்கு நான் எடுக்காம வேற யாரு எடுக்குறது?"

அவள் சூடான துணியை என் இமைகளின் மேல் வைத்தாள். எனக்கு இருட்டாகிவிட்டது. அந்த இருட்டுக்குள்தான் என்னால் சொல்ல முடிந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லும் தைரியம் எனக்கு இல்லை என்பதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

"அன்னைக்கு வந்தது அழுகை இல்லம்மா."

"என்னைக்கு?"

"மாப்பிள்ளை கேதத்தன்னைக்கு. பஸ்ஸுல காத்தடிச்சது. கண்ணு காஞ்சா தண்ணி கொட்டும், அது இந்த நோயோட குணம். நான் அழல. நீ அழுறேன்னு நெனச்ச. நான் சொல்லாம விட்டுட்டேன்."

அவள் துணியை மாற்றவில்லை.

"கிருமின்னு சொன்னதும் பொய். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்ல. எனக்கு நீ இங்க வந்து தங்குறதுல இஷ்டமில்ல. அக்கம்பக்கத்துல பாப்பாங்கன்னு."

துணி ஆறிக்கொண்டிருந்தது. ஈரம் குளிர்ந்து கன்னத்தில் இறங்கியது. அவள் அறையில் இருக்கிறாளா, எழுந்து போய்விட்டாளா என்றுகூடத் தெரியவில்லை. துணியை எடுத்துப் பார்க்கவும் என் கை வரவில்லை.

"பத்தொம்பது நாளு" என்றாள். குரல் அருகிலேயே இருந்தது. "ஈ மொய்க்க அந்தத் தரையில கெடந்தேன். இவுக கூடச் சொன்னாக, ஒங்கண்ணன் வீட்டுக்கு ஒரே பஸ்ஸுதான, போயிக் குளிச்சிட்டாவது வான்னு. எங்கண்ணன் கண்ணுக்கு ஆகாதுன்னு நான் சண்ட போட்டேன். சாகப் போற மனுசன்கிட்ட."

"தப்புதான்."

"இப்ப ரெண்டரை வருசமா வந்து போறேனே. யாருண்ணே என்ன கேட்டா?"

"யாரும் கேக்கல."

"அப்ப அன்னைக்கு ஒரு சொட்டுகூட இல்லையா? எம் புருசனுக்குன்னு?"

ஒன்றிரண்டு இருந்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யா என்று எனக்கே தெரியாது. "தெரியலம்மா" என்றேன்.

நான் துணியை எடுத்தபோது அவள் மூக்கில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாள். மெதுவாக, நாலாக மடித்தாள். தூக்குவாளியை எடுத்தாள்.

"தீச்சட்டி வேண்டாம்மா" என்றேன். "அந்தப் பொய்க்காக நீ நெருப்பு சுமக்காத."

"நேந்தது ஆத்தாட்ட. ஒங்கிட்ட இல்ல" என்றாள். கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள்.

அடுத்து வர வேண்டிய சனிக்கிழமை அவள் வரவில்லை. பங்குனிப் பொங்கல் அன்று யாரும் கூப்பிடாமலே நான் போனேன். சீரம் மருந்தை ஐஸ் பிளாஸ்க்கில் வைத்து எடுத்துக்கொண்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டேன்.

ஊருக்குள் நுழைந்ததும் கொழுந்தன் பார்த்துவிட்டார். "என்ன மச்சான், மதுரையில வெல்டிங் பட்டறையில சேந்துட்டீகளா?" என்று என் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். அவருக்கு எதுவும் தெரியாது என்று அதிலிருந்து புரிந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தீச்சட்டி ஊர்வலம் வெயில் ஏறிய பிறகு வந்தது. பத்துப் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் இளவயசுக்காரர்கள். மஞ்சள் சேலையில், கைகளில் வேப்பிலைக் கொத்தை வைத்து அதன் மேல் சட்டியைத் தாங்கி, கடைசியில் என் தங்கை. இடது காலை இழுத்து இழுத்து வைத்தாள். சட்டியிலிருந்து எண்ணெயும் விறகும் சேர்ந்த கரும்புகை எழுந்து அவள் முகத்தின் மேலேயே போனது. ஒவ்வொரு வாசலிலும் நிறுத்திக் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள்.

என் கண் அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. பிளாஸ்க் பையில்தான் இருந்தது. மருந்தை விட்டால் கொஞ்சம் கன்னத்தில் வழியும். அந்தத் தெருவில் என் கன்னம் இன்னொரு முறை நனையக் கூடாது என்று விட்டுவிட்டேன். பழைய மாதிரி தானாகத் தண்ணீர் கொட்டும் காலமும் போய்விட்டது. இப்போது எரிச்சல் மட்டும்தான். சுற்றி நின்றவர்களுக்கு நான் சும்மா வேடிக்கை பார்க்கும் ஒரு கிழவனாகத் தெரிந்திருப்பேன்.

ஊர்வலம் தங்கை வீட்டு வாசலுக்கு வந்ததும் கொழுந்தன் மனைவி குடத்தை என் கையில் திணித்தாள். "கூடப் பொறந்தவுக நிக்கிறீக, நீங்க ஊத்துங்க." குனிந்து ஊற்றினேன். தங்கையின் கால்கள் புழுதியில் வெடித்திருந்தன. தண்ணீர் வெடிப்புகளில் இறங்கி மஞ்சளாக ஓடியது. நிமிர்ந்தபோது காற்று திரும்பி, சட்டியின் புகை நேராக என் முகத்துக்கு வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். என் கண்களை, முதலில் ஒன்றை, பிறகு மற்றதை.

"தள்ளி நில்லு. பொகை அடிக்குது" என்றாள்.

தள்ளி நின்றேன். ஊர்வலம் கோயிலைப் பார்த்துப் போய்விட்டது. பொங்கல் வைத்து முடியும் வரை ஒரு வேப்ப மரத்துக்குப் பின்னால் நின்று மருந்து விட்டுக்கொண்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அவள் சொன்னது என் கண்ணுக்காகவா, என்னைப் பார்க்கப் பிடிக்காமலா என்று பலவிதமாக யோசித்தாகிவிட்டது. தெரியவில்லை.

அதற்குப் பிறகு நாலு சனிக்கிழமைகள் போய்விட்டன. துணியை நானே நனைத்து நானே போட்டுக்கொள்கிறேன். ஒன்றை மாற்றுவதற்குள் மற்றது ஆறிவிடுகிறது. ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போய் நின்றுவிடலாமா என்று நினைத்தேன். பிறகு, வேண்டாம் என்று சொல்வதற்கு அவளுக்கு ஒரு வழி இருக்க வேண்டும் என்று தோன்றியது. நேற்று மத்தியானம் போன் செய்தேன்.

"ஒன்னப் பாக்க வரட்டுமாம்மா?" என்றேன்.

பின்னால் ஆடு கத்தும் சத்தம் கேட்டது. யாரையோ வேலியை அடைக்கச் சொன்னாள்.

"சொல்றேன்" என்றாள்.

இன்னும் சொல்லவில்லை.